துணை என்னும் சொல்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உறவுக்காரப் பெண்ணின் திருமண ஆராதனைக்குச் சென்றிருந்தேன். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை வாசித்த போதகர், ‘ஏற்ற துணை’ என்ற இடத்தில் நின்று, பெண் ஆணுக்கு அடங்கி உதவி செய்யவே படைக்கப்பட்டாள் என்று நெடுநேரம் விளக்கினார். என் அருகில் அம்மா அமர்ந்திருந்தார்.

அம்மா 28 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் சோறாக்கி வைத்து, தம்பியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடுவார். நண்பகலில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகள் தொங்க ஸ்டோருக்கு வந்து சேருவார். தோட்டம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டமாகி, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிக்கப்பட்டு, நாங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், காண்டா அழுத்திய அவருடைய வலது தோள் காய்த்துத் தடித்தே இருக்கிறது. பாட்டி காலத்தில், 1920-களின் இறுதியில், முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே கூலி நிர்ணயித்திருந்தது.

அன்றிரவு அம்மா கேட்டார்: “கடுதாசி எழுதினா மேல ‘கர்த்தர் துணை’ன்னுதானே போடுவோம்? அவரு நமக்கு அடங்கினவரா?”

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. ஆதியாகமத்தில் பெண்ணைக் குறிக்கும் ‘ஏசெர்’ என்ற எபிரெயச் சொல்தான் 121-ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் ‘ஒத்தாசை’யையும் குறிக்கிறது. நம் வேதாகமத்தின் ‘துணை’யிலும் தாழ்வு இல்லை, தாழ்வைச் சேர்த்தது பிரசங்க பீடம் என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய விளக்கங்களைப் பெண்கள் வெகுகாலத்துக்கு முன்பே மறுத்திருக்கிறார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் சபையிலிருந்து 1879-இல் மருத்துவராகச் சீனாவுக்குச் சென்ற காத்தரின் புஷ்னெல், 1890-களின் தொடக்கத்தில் எலிசபெத் ஆண்ட்ரூவுடன் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் படைவீரர்களுக்காகக் கண்டோன்மென்டுகளில் வைக்கப்பட்டிருந்த பெண்களை நேரில் சந்தித்து, அவர்கள் பட்ட கொடுமைகளை லண்டனில் சாட்சியமாக அளித்தார். கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்களால் இதை எப்படிச் செய்ய முடிகிறது என்ற கேள்வியே அவரை வேதத்தின் மூலமொழிகளுக்குள் கொண்டுசென்றது. ஆதியாகமம் 3:16-இல் ‘ஆசை’ என்று பெயர்க்கப்பட்ட சொல்லுக்குத் ‘திரும்புதல்’ என்பதே பழைய பொருள் என்றும், ‘அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்’ என்பது கட்டளையல்ல, எச்சரிக்கையே என்றும் அவர் வாதாடினார். விசுவாசத்தை விட்டு வெளியேறாமல், அதனுள்ளேயே நின்று நியாயம் கேட்ட அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே மெதடிஸ்ட் மரபில், 1887-இல் சோஃபியா பிளாக்மோர் சிங்கப்பூரில் தமிழ்ச் சிறுமியர் ஒன்பது பேருடன் பள்ளி தொடங்கினார். ஆனால், பெண்களுக்குப் போதகர் பணியில் முழு உரிமை வழங்க அமெரிக்க மெதடிஸ்ட் சபைக்கு 1956 வரை ஆயிற்று. இந்தத் தாமதத்தை மறைத்துவிட்டு நம் சபையின் பெருமையை மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மணமக்கள் வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். குடும்ப ஜெபத்தில் 121-ஆம் சங்கீதத்தை மணப்பெண்ணையே வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.