70-653 தேர்வு: ஸ்டாண்டர்டா, பிரீமியமா என்பதைத் தீர்மானிக்கக் கற்றுக்கொண்ட விதம்

சிறு நிறுவனங்களுக்கான சர்வர் மென்பொருள் தொகுப்பான விண்டோஸ் ஸ்மால் பிசினஸ் சர்வர் (சுருக்கமாக எஸ்.பி.எஸ்.) 2008-க்கு மைக்ரோசாஃப்ட் நடத்திய 70-653 தேர்வில் 2009-இல் தேர்ச்சி பெற்றேன்; இங்கே சொல்லும் விலைகளும் விதிகளும் அந்த ஆண்டுக்குரியவை. ஆயிரத்துக்கு 700 எடுத்தால் தேர்ச்சி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததே. அதற்கு மேல் போதிய இடைவெளியுடன் மதிப்பெண் வந்ததைத் திரையில் பார்த்த நிம்மதி எளிதில் குறையவில்லை. அந்த நிம்மதி இருக்கும்போதே, இதே தேர்வுக்கு அப்போது தயாராகிவந்த நண்பர்களுக்காக இதை எழுதினேன். தேர்வில் வந்த கேள்விகளை வெளியிடக் கூடாது என்ற உறுதிமொழியில் கையொப்பமிட்டிருக்கிறேன் என்பதால் கேள்விகள் எவையும் இங்கே இருக்காது. கேள்விகளை அணுகும் முறை மட்டுமே இருக்கும்.

மின்னஞ்சல் அமைப்பது, பேக்கப் எடுப்பது, வெளியிலிருந்து இணையம் வழியே அலுவலகக் கணினியை அணுக உதவும் ரிமோட் வெப் வொர்க்பிளேஸைத் திறந்துவிடுவது போன்றவற்றைக் களத்தில் வேலை செய்பவர்கள் தினமும் செய்கிறோம். அவற்றுக்குத் தனியாக வழிகாட்டல் தேவையில்லை. என் வெற்றிக்குக் காரணமாக நான் கருதுவது ஒன்றுதான்: ஸ்டாண்டர்டு, பிரீமியம் ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை வசதிகளின் பட்டியலாகப் படிக்காமல், "எத்தனை பேர், எத்தனை கணினிகள், தரவுத்தளத்தைத் தொடுபவர் யார்" என்ற மூன்று கேள்விகளாகப் படித்ததுதான். இதற்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால், பதிப்பு தெளிவானால் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு இடமாற்றம், உரிமம், இரண்டாவது சர்வர், சர்வரில் உள்ள மென்பொருளைப் பலர் தொலைவிலிருந்து இயக்க உதவும் டெர்மினல் சர்வீசஸ் ஆகிய நான்கு பகுதிகளும் சேர்ந்தே தெளிவாகிவிடுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டேன்.

நம்மில் பெரும்பாலோர் இதற்கு முந்தைய வெளியீடான எஸ்.பி.எஸ். 2003-இல் தொழில் கற்றவர்கள். அதில் பிரீமியம் என்றால், ஸ்டாண்டர்டில் உள்ள விண்டோஸ் சர்வர் 2003, மின்னஞ்சலுக்கான எக்ஸ்சேஞ்ச் 2003, உள்வலைத்தளத்துக்கான ஷேர்பாயின்ட் சர்வீசஸ் ஆகியவற்றோடு, தீயரண் மென்பொருளான ஐ.எஸ்.ஏ. சர்வர், தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் 2000, வலைப்பக்கம் உருவாக்கும் ஃபிரன்ட்பேஜ் 2003 ஆகியவையும் அதே கணினியில் கூடுதலாக ஏறும் என்பதே பொருள். இரண்டு நெட்வொர்க் அட்டைகளைப் பொருத்தி, ஒன்றை இணையத்துக்கும் மற்றொன்றை அலுவலகத்துக்கும் கொடுத்து, நடுவில் ஐ.எஸ்.ஏ.-வைக் காவலுக்கு நிறுத்துவதுதான் பிரீமியம் வாங்கிய அலுவலகங்களின் வழக்கமான அமைப்பு. சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ வாங்க வேண்டிய அணுகல் உரிமமும் இரு பதிப்புகளுக்கும் ஒன்றே. ஐந்தாகவோ இருபதாகவோ கட்டாக வாங்கி, சர்வரில் பதிவு செய்தால் முடிந்தது.

2008-இல் இந்தப் படம் முழுவதும் மாறிவிட்டது. எஸ்.பி.எஸ். நிறுவப்படும் புதிய முதன்மைச் சர்வர் 64-பிட்டில் மட்டுமே இயங்கும். அந்தத் தளத்தில் ஐ.எஸ்.ஏ. இயங்காது என்பதால் அது பிரீமியத்திலிருந்தும் நீக்கப்பட்டது. இரண்டு நெட்வொர்க் அட்டைகள் கொண்ட அமைப்புக்கும் ஆதரவு இல்லை. தீயரண் வேலையை வெளியே உள்ள ரௌட்டரோ தனிக் கருவியோதான் பார்க்க வேண்டும். ஆகவே "பாதுகாப்பு அதிகம் வேண்டும், எனவே பிரீமியம்" என்ற பழைய தர்க்கம் 2008-க்குப் பொருந்தாது. தேர்வுக்கு அமர்வதற்கு முன் மனத்திலிருந்து அகற்ற வேண்டிய முதல் எண்ணம் இது என்பேன்.

2008 பிரீமியத்தில் ஸ்டாண்டர்டைவிடக் கூடுதலாக இருப்பவை இரண்டு. ஒன்று, இரண்டாவது கணினியில் நிறுவுவதற்கான விண்டோஸ் சர்வர் 2008 ஸ்டாண்டர்டு. மற்றொன்று, சிறுதொழிலுக்கான எஸ்.க்யூ.எல். சர்வர் 2008 ஸ்டாண்டர்டு. முதன்மைச் சர்வரில் இயங்கும் எதுவும் பதிப்பைப் பொறுத்து மாறுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் 2007, ஷேர்பாயின்ட் சர்வீசஸ் 3.0, புதுப்பிப்புகளை விநியோகிக்கும் டபிள்யூ.எஸ்.யூ.எஸ்., ஃபேக்ஸ், பேக்கப், ரிமோட் வெப் வொர்க்பிளேஸ் எல்லாம் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. பிரீமியம் வாங்கினால் அஞ்சல்பெட்டி பெரிதாகும் என்றோ, பயனர் உச்சவரம்பு உயரும் என்றோ நினைப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். உச்சவரம்பு இரண்டுக்கும் 75-தான்.

இரண்டாவது சர்வரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிப்புகளைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஸ்டாண்டர்டு வாங்கிய அலுவலகம் இரண்டாவது சர்வரை வைத்துக்கொள்ளவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. விண்டோஸ் சர்வரைத் தனியாக வாங்கி, எஸ்.பி.எஸ். டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள அலுவலகக் கணினிகளின் குழுவில், உறுப்பினராகவோ, பயனர்களின் நுழைவைச் சரிபார்க்கும் கூடுதல் டொமைன் கன்ட்ரோலராகவோ சேர்த்துக்கொள்ளலாம். எனவே, இரண்டாவது சர்வர் தேவை என்ற ஒரே காரணத்தால் பிரீமியம் கட்டாயமாகிவிடாது; விலைதான் அதைத் தீர்மானிக்கிறது. அப்போதைய அமெரிக்கப் பட்டியல் விலையில் ஸ்டாண்டர்டு 1,089 டாலர், பிரீமியம் 1,899 டாலர். இரண்டிலும் ஐந்து அணுகல் உரிமங்கள் அடக்கம். வேறுபாடு 810 டாலர். விண்டோஸ் சர்வர் 2008 ஸ்டாண்டர்டைத் தனியாக வாங்கினால் ஐந்து உரிமங்களோடு 999 டாலர். அதாவது, எஸ்.க்யூ.எல். தேவையே இல்லாமல், டெர்மினல் சர்வருக்காக இரண்டாவது கணினி ஒன்றை மட்டும் விரும்பும் அலுவலகத்துக்கும் பிரீமியமே சிக்கனம். வசதிப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் "எஸ்.க்யூ.எல். வேண்டாம், ஆகவே ஸ்டாண்டர்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வாடிக்கையாளருக்கு விலைப்புள்ளி தயாரித்துப் பழகியவருக்குத்தான் இந்தக் கணக்கு கண்ணில் படும்.

டெர்மினல் சர்வர் என்று குறிப்பிட்டதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். பயனர்கள் மென்பொருளை இயக்குவதற்கான டெர்மினல் சர்வராக முதன்மைச் சர்வரைப் பயன்படுத்த முடியாது. நிர்வாகிக்கான தொலைநிலை இணைப்பு மட்டுமே அதில் உண்டு. ஆகவே இரண்டாவது சர்வர் இன்றியமையாதது. அதோடு டெர்மினல் சர்வீசஸுக்கான தனி அணுகல் உரிமங்களும் வேண்டும். அவை எந்த எஸ்.பி.எஸ். பதிப்பிலும் அடக்கமல்ல. ரிமோட் வெப் வொர்க்பிளேஸ் வழியாக ஒருவர் தம் சொந்த மேசைக் கணினிக்குள் நுழைவது வேறு விஷயம். அதற்கு இரண்டாவது சர்வரும் தேவையில்லை, டெர்மினல் உரிமமும் தேவையில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிக்காதவருக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது அணுகல் உரிமம். நாம் பேச்சில் சி.ஏ.எல். என்போமே, அதுதான். 2003-இல் ஒரே வகையாக இருந்த இது 2008-இல் ஸ்டாண்டர்டு உரிமம், பிரீமியம் உரிமம் என இரண்டாகப் பிரிந்தது. பிரீமியம் வாங்கிய அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரீமியம் உரிமம் வாங்க வேண்டும் என்பதில்லை. எஸ்.க்யூ.எல். சர்வரைத் தொடுபவருக்கு மட்டுமே அது தேவை. மற்றவர்கள் இரண்டாவது சர்வரில் உள்ள கோப்புகளைத் திறந்தாலும் ஸ்டாண்டர்டு உரிமமே போதும். முப்பது பேர் கொண்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த எட்டுப் பேர் மட்டும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தோடு வரும் ஐந்து உரிமங்கள் போக, இன்னும் மூன்று பிரீமியம் உரிமங்கள் 189 டாலர் வீதம் 567 டாலர். எஞ்சிய 22 பேருக்கு ஸ்டாண்டர்டு உரிமம் 77 டாலர் வீதம் 1,694 டாலர். ஆக மொத்தம் 2,261 டாலர். எல்லோருக்கும் பிரீமியம் உரிமம் என்று போயிருந்தால் இருபத்தைந்து உரிமங்களுக்கு 4,725 டாலர் ஆகியிருக்கும். ஒரு சிறு நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. தவறான விலைப்புள்ளி கொடுத்து ஒரு கடைக்காரரின் பணத்தை வீணாக்குவது தேர்வில் தோற்பதைவிடப் பெரிய பிழை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரவுத்தளத்தை நேராகத் திறக்காமல், நடுவில் ஒரு வலைப்பக்கத்தையோ வேறு மென்பொருளையோ வைத்து அதன் வழியாகப் பயன்படுத்தினாலும், அந்தப் பயனரும் எஸ்.க்யூ.எல்.-ஐத் தொடுபவராகவே கருதப்படுவார். இடையில் ஓர் அடுக்கை வைப்பதால் உரிமங்களின் எண்ணிக்கை குறைவதில்லை. மாறாக, நிறுவனத்தின் உள்வலைத்தளமான கம்பெனிவெப்பை மட்டும் பார்ப்பவருக்குப் பிரீமியம் உரிமம் தேவையில்லை. அது முதன்மைச் சர்வரிலேயே உள்ள உள் தரவுத்தளத்தில்தான் இயங்குகிறது.

பயனருக்கு உரிமமா, கருவிக்கு உரிமமா என்பது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஷிஃப்டு முறையில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டால் கருவி உரிமம், ஒருவரே மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றையும் வைத்திருந்தால் பயனர் உரிமம். இரண்டையும் கலந்தும் வாங்கலாம், ஆனால் கூட்டுத்தொகை 75-ஐத் தாண்டக் கூடாது. 2003-இல் இருந்ததுபோல் உரிமத்தைச் சர்வரில் படிப்படியாகப் பதிவு செய்ய உதவும் விஸார்ட் 2008-இல் இல்லை. கட்டாக வாங்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது, ஒன்றொன்றாகவும் வாங்கலாம். உரிமங்களின் எண்ணிக்கையை மீறினாலும் சர்வர் தடுக்காது என்பதால், ஆவணங்களைப் பத்திரப்படுத்தி வைக்கும் பொறுப்பு முழுவதும் அலுவலகத்தையே சேர்கிறது.

நான் கையாண்ட முறை இதுதான். தேர்வு மையத்தில் தரும் துடைத்தெழுதும் அட்டையில், ஒரு நிறுவனத்தின் நிலைமையை விவரிக்கும் எந்தக் கேள்வி வந்தாலும், விடைகளைப் படிப்பதற்கு முன்பே மூன்று பத்திகள் கொண்ட கட்டம் ஒன்றை வரைந்துகொண்டேன். முதல் பத்தியில் ஆட்கள், இரண்டாவதில் கணினிகள், மூன்றாவதில் தரவுத்தளத்தைத் தொடுபவர்கள். கேள்வியின் வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் நிரப்பினால், மீதியிருக்கும் அலங்கார விவரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். மெதுவாகப் படிக்கும் இயல்புடைய எனக்கு இது பொருந்தியது. வேகமாகப் படித்து உள்ளுணர்வால் விடை தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது நேர விரயமாகத் தோன்றக்கூடும். அவர்களுங்கூட வீட்டுப் பயிற்சியிலாவது இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பதிப்பு எதுவானாலும் மாறாதவை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்:

- ஒரு டொமைனில் ஓர் எஸ்.பி.எஸ். மட்டுமே இருக்கலாம்.
- டொமைனில் ஒரே சர்வர் மட்டும் வகிக்கும் முதன்மைப் பணிகளான எஃப்.எஸ்.எம்.ஓ. பொறுப்புகள் ஐந்தும் முதன்மைச் சர்வரிடமே இருக்க வேண்டும்.
- பிற டொமைன்களின் பயனர்களை ஏற்கும் டிரஸ்ட் என்ற இணைப்பு இல்லை. கிளை டொமைனும் இல்லை.
- கூடுதல் டொமைன் கன்ட்ரோலர்கள் வைத்துக்கொள்ளலாம். பலர் இதை இல்லை என்று நினைக்கிறார்கள்.
- ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஹைப்பர்-வியை முதன்மைச் சர்வரில் ஏற்றுவதற்கு ஆதரவு இல்லை.
- குறைந்தபட்ச நினைவகம் 4 ஜி.பி.
- 2003-இலிருந்து அதே கணினியில் மேம்படுத்த வழியில்லை. 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்குப் புதிய சர்வருக்கு இடம்பெயர வேண்டும். இரண்டும் ஒரே டொமைனில் சேர்ந்திருக்க 21 நாள் அவகாசம்.

பிரீமியத்தின் இரண்டாவது சர்வருக்கு மட்டும் 32-பிட், 64-பிட் இரண்டு வடிவங்களும் தரப்படுகின்றன. பழைய 32-பிட் மென்பொருளை நம்பியிருக்கும் அலுவலகங்களுக்கு இது பெரிய உதவி. முதன்மைச் சர்வருக்கு அந்தச் சலுகை இல்லை.

அண்டையில் உள்ள தயாரிப்புகளையும் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது, ஏனென்றால் எல்லை தெரிந்தால்தான் நடுப்பகுதி விளங்கும். 2009-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2008 ஃபவுண்டேஷன் 15 பயனர்களுக்கானது, கணினியோடு மட்டுமே விற்கப்பட்டது, அணுகல் உரிமம் தனியாகத் தேவையில்லை, எக்ஸ்சேஞ்ச் கிடையாது. 75 பயனர்களைத் தாண்டி வளரும் நிறுவனத்துக்கு அப்போது எசென்ஷியல் பிசினஸ் சர்வர் 2008 இருந்தது. அதில் 300 வரை போக முடிந்தது. அதன் ஸ்டாண்டர்டு பதிப்பிலேயே மேலாண்மை, அஞ்சல், பாதுகாப்பு என்று மூன்று சர்வர்கள், பிரீமியத்தில் எஸ்.க்யூ.எல்.-க்காக நான்காவது. அங்கேயும் பிரீமியம் என்றால் இன்னொரு சர்வரும் தரவுத்தளமும் என்பதே பொருள் என்பதைக் கவனியுங்கள்.

படிப்பதற்கு நான் நம்பியவை சோதனைப் பதிப்பும் உரிம விதிகளுக்கான மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆவணங்களும்தான். வினா வங்கி என்ற பெயரில் சுற்றும் கோப்புகளைத் தொடாதீர்கள்; நான் பார்த்த ஒன்றில் ஐ.எஸ்.ஏ. இன்னும் பிரீமியத்தில் இருப்பதாகவே விடை கொடுத்திருந்தார்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் மூன்று நான்கு அலுவலகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரு பதிப்புகளிலும் விலைப்புள்ளி எழுதிப் பாருங்கள். இரண்டு தொகைகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிந்தால் தேர்வுக்கு விண்ணப்பித்துவிடலாம். சொல்ல முடியாவிட்டால், உரிமப் பகுதியை மறுபடியும் முதலிலிருந்து படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.