“சமர்த்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை”

முப்பது, நாற்பது வயதில் ஆட்டிசம் இருக்குமோ என்று மதிப்பீட்டுக்கு வருபவரின் அம்மாவிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால், பல நேரம் முதலில் வரும் பதில் இதுதான்: “சமர்த்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை.” இந்த மதிப்பீட்டு வேலைக்குப் புதியவர்கள் உடனே ‘சிறுவயது அறிகுறிகள் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு வந்த பதில் அதுவல்ல. தொந்தரவு இல்லை என்பது வளர்த்தவரின் அனுபவம். மூடிகளை நிறவாரியாக இரண்டு மணி நேரம் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையாலும் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது.

சிறுவயதை இவ்வளவு துருவுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டின்படி அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: சூழலின் எதிர்பார்ப்பு பிள்ளையின் திறனைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளித்தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் பிற்பாடு மறைந்தும் போகலாம். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களே அதிகம். ஓடிப்பிடித்து விளையாடும் வயதில் ஒட்டிக்கொண்ட பிள்ளை, நட்பு என்றாலே பேச்சு என்று ஆகும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் தனித்து நிற்கும்.

“மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவானா?” என்று கேட்டால் “விளையாடுவான்” என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். “இடைவேளை மணி அடித்ததும் எங்கே போவான், என்ன செய்வான்?” என்று கேட்டால் ஒரு காட்சி கிடைக்கும். ஆட்டிச மதிப்பீட்டுக்காகப் பெற்றோரிடம் நடத்தும் ஏடிஐ-ஆர் என்ற நேர்காணல் நான்கு முதல் ஐந்து வயது வரையான காலத்தைக் குறிவைத்துப் பல கேள்விகளைக் கேட்கிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய வயதை எண்ணாகச் சொன்னால் யாருக்கும் நினைவு வராது. ‘தம்பி பிறப்பதற்கு முன்பா, பின்பா’, ‘வீடு மாறுவதற்கு முன்பா’ என்று ஒரு கொக்கியில் மாட்டித்தான் கேட்க வேண்டும்.

சுட்டிக்காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். “கை காட்டுவானே” என்பார்கள். எதற்காக என்று கேட்க வேண்டும். எட்டாத பொம்மை வேண்டும் என்று காட்டுவது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தைக் காட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாளா என்று முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. ஆட்டிசத்தில் பெரும்பாலும் குறைவது இரண்டாவதுதான். பேச்சிலும் இப்படித்தான். தனக்குத் தாகம் எடுக்கும்போது “உனக்குத் தண்ணி வேணுமா?” என்று கேட்ட பிள்ளையைக் குடும்பமே வேடிக்கையாக நினைவில் வைத்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை, தன்னிடம் மற்றவர்கள் கேட்கும் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லித் தன் தேவையைக் கேட்டிருக்கிறது. செய்தி வாசிப்பவரைப்போல எழுத்துத் தமிழில் பேசிய பிள்ளையைப் ‘பெரிய மனுஷன்’ என்று கொஞ்சியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்துப் பள்ளமும் ஆழமானது. ஆட்டிசத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டு வருபவருக்குத் தன் சிறுவயது முழுக்க அறிகுறியாகத் தெரியும். சட்டை லேபிள் உறுத்தியது, சத்தம் பிடிக்கவில்லை, ஒரே ஒரு நண்பன். தனித்தனியே பார்த்தால் எத்தனையோ பிள்ளைகளிடம் இவை உண்டு. எத்தனை சேர்ந்து வந்தன, எத்தனை ஆண்டு நீடித்தன, அன்றாடத்தில் எதையெல்லாம் தடுத்தன என்பதைத்தான் எடைபோட வேண்டும். இதற்கு எங்களிடம் இருப்பதில் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: “அதைத் தடுத்தபோது என்ன நடந்தது?” அடுக்கிய வரிசையைக் கலைத்தால் பல பிள்ளைகள் கத்திவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடும். முதல் மூடியிலிருந்து மறுபடி தொடங்கினால்தான் அடங்கும் பிள்ளை வேறு.

அப்போதும் வேர் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாததற்குக் காது கேளாமை காரணமாக இருக்கலாம். செவித்திறன் சோதனைத் தாள் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பயத்தைத் தணிக்க அடுக்குவதும் சுகத்துக்காக அடுக்குவதும் ஒன்றல்ல. அடி வாங்கி வளர்ந்த பிள்ளையும் கண்ணைப் பார்க்காமல் இருக்கலாம். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்று மட்டும் எழுதிய பழைய கோப்பைக் கண்டு ஆட்டிசத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. 2013 வரை இருந்த டிஎஸ்எம் பதிப்பு அந்த இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுக்க இடம் தரவில்லை.

ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகளிடம் தீவிர ஆர்வத்தின் பொருள் பல நேரம் சாதாரணமாகவே இருக்கும்: பூனை, நடிகர், கதைப் புத்தகம். பொருளை விட்டுவிட்டு ஆழத்தைக் கேளுங்கள். பள்ளியில் பொம்மைபோல இருந்துவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் வெடித்தாளா என்றும் கேளுங்கள்.

காகிதங்களில் மதிப்பெண் அட்டைதான் உயர்ந்தது, அதுவும் மதிப்பெண்ணுக்காக அல்ல. ‘திறமை உண்டு, யாரோடும் கலப்பதில்லை’ என்று மூன்று வகுப்பில் மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது பெரிய சான்று. வீட்டு வீடியோவில், படத்துக்கு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும் நொடியைத் தேடுங்கள். புகைப்படம் அவ்வளவாக உதவாது. “சிரி” என்று சொல்லி எடுத்தது அது. பெற்றோர் இல்லை, காகிதமும் இல்லை என்றால் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். ‘அறிகுறி இல்லை’ என்பது வேறு முடிவு.

கடைசியாக ஒன்று. “இதெல்லாம் எல்லாப் பிள்ளையும் செய்வதுதானே, நானும் அப்படித்தான் இருந்தேன்” என்று அப்பாவோ அம்மாவோ சொல்வது உண்டு. ஆட்டிசம் குடும்ப வழியில் வருவது என்பதால் அந்த வாக்கியத்தைக் குடும்ப வரலாற்றுப் பகுதியில் அப்படியே குறித்துக்கொள்கிறோம். அதன்பின் கேள்வியை மாற்றிக் கேட்கிறோம்: “அதே வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது?”