அப்பாவின் வேகன்-ஆரும் குலசேகரத்து ஸ்விஃப்ட்டும்

அப்பாவுக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசுகிறது என்று, 2025 ஆவணியோடு கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நாகர்கோவில் வீட்டு ஷெட்டில் 2013 மாடல் வேகன்-ஆர் சும்மா நின்றது. எனக்கோ தினமும் தக்கலை பள்ளிக்கூடம் போய்வர ஒரு கார் வேண்டும். பழையதை விற்று, கொஞ்சம் புதிதாக ஒரு செகண்ட் ஹேண்ட் வாங்கலாம் என்று முடிவானது. வீட்டுக்காரர் குவைத்தில். அவரால் போனில்தான் பேச முடியும். அதனால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் விலை விசாரிப்பது, வண்டி பார்ப்பது, பேரம் பேசுவது எல்லாம் என் தலையில் வந்தது. ஒரே நேரத்தில் விற்கிறவளாகவும் வாங்குகிறவளாகவும் இருந்ததால், ஒரு பழைய காரின் விலை எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்க்க முடிந்தது.

முதலில் அப்பாவின் கார். 2013-இல் எல்லாம் சேர்த்து 4,62,000 ரூபாய் கொடுத்து எடுத்தார். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "மக்களே, ரெண்டே முக்காலுக்குக் குறைஞ்சு கொடுக்காத. இந்த வண்டிய நான் எப்படிப் பார்த்தேன்னு உனக்குத் தெரியும்" என்றார். தெரியும்தான். டாஷ்போர்டுக்குள் ஒரு நீள நோட்டு உண்டு. பெட்ரோல் அடித்த தேதி, லிட்டர், அப்போதைய கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, 51,000-இல் கிளட்ச் போட்டது என்று பன்னிரண்டு வருஷம் ஒரே கையெழுத்தில் இருக்கும்.

வடசேரிப் பக்கம் ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு 1,40,000 என்றார். இன்சூரன்ஸ் பேப்பரில் ஐடிவி 1,48,000 என்று போட்டிருந்ததைக் காட்டி, "கம்பெனியே இவ்வளவுதான் போட்டிருக்கு" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஐடிவி என்றால் என்னவென்று படித்தேன். வண்டி திருட்டுப் போனாலோ முழுசாக நொறுங்கினாலோ இன்சூரன்ஸ் கம்பெனி அதிகபட்சம் கொடுக்கிற தொகை அது. சந்தை விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. புதுக் காரின் ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷத்துக்கு 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50 என்று கழிப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் கம்பெனியும் நாமும் பேசி ஒரு தொகை வைப்பதுதான். அப்பா பிரீமியம் குறையட்டும் என்று வருஷாவருஷம் ஐடிவியைக் குறைத்து வைத்திருக்கிறார். அந்த எண்ணை வைத்துத்தான் அவருடைய காருக்கே அவரிடம் விலை குறைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சரியான விலை எது? பன்னிரண்டு வருஷ வண்டிக்குச் சதவீதக் கணக்கு உதவாது. நான் செய்தது இது. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி வரை விற்பனைக்கு வந்திருந்த 2012 முதல் 2014 வரையிலான வேகன்-ஆர்கள் பதினொன்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து விலை கேட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். 2,30,000-க்கு மேல் கேட்டவர்களின் வண்டி ஒன்றுகூட விற்கவில்லை. விற்ற நால்வரும் 1,80,000-க்கும் 2,10,000-க்கும் நடுவில் கொடுத்திருந்தார்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. கைமாறின விலையைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டாவது போன் அவசியம். கூச்சப்பட வேண்டாம், பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்பாவின் வண்டிக்கு 2028 ஆகஸ்ட் வரை உண்டு. வாங்குகிறவர் மூன்று வருஷத்துக்குள் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவர் அதைக் கழிக்கத்தான் செய்வார், நியாயமும்கூட. இதையெல்லாம் அப்பாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பத்து சொல்லு, ரெண்டுக்குக் கீழ வேண்டாம்" என்றார்.

புரோக்கர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வாங்கி, டச்சப் செய்து, விற்கும்வரை வைத்திருந்து, அதில் அவருக்கும் லாபம் நிற்க வேண்டும். ஜிஎஸ்டியில் பதிந்த கடையாக இருந்தால் 2025 ஜனவரியில் இருந்து அந்த லாபத்தின் மேல் 18 சதவீத வரியும் உண்டு. தனியாள் தனியாளுக்கு விற்றால் அந்த வரி கிடையாது. நமக்குப் பொறுமை இருந்தால் அந்த இடைவெளியில் ஒரு பங்கு நம் கைக்கே வரும். அவசரமென்றால் புரோக்கர் விலைதான்.

இனி வாங்கின கதை. ஸ்விஃப்ட் பெட்ரோல், 2019 அல்லது 2020 மாடல் என்று தீர்மானித்தேன். அந்தச் சமயத்தில்தான், செப்டம்பர் 22 முதல், சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 சதவீதமாகி, அதற்கு மேல் போட்டிருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போயிருந்தது. புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கியாக வேண்டும். ஆனால் விற்கிறவர்கள் பலர் மனசில் கோடைகால விலைதான் இருந்தது. அதனால் நான் ஷோரூமுக்குப் போய் அதே வகைக்கு வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த அன்றைய ஆன்ரோடு விலை கேட்டேன். சுமார் 7,80,000. முதல் வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்தால் 6,63,000. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மிச்சத்தில் 7 சதவீதம். ஆறு வருஷ வண்டிக்கு 4,61,000 வருகிறது. இந்த 15-ம் 7-ம் நானே வைத்த கணக்கு. இங்கே நன்றாக விலைபோகிற வண்டி என்பதால் 7. நிறுவனமே இந்தியாவை விட்டுப் போய்விட்ட கார்களுக்கெல்லாம் இதைவிட வேகமாக இறங்கும். கிடைக்கிற எண்ணைத் தொடக்கமாக வைத்து, வாங்கின உடனே செய்ய வேண்டிய செலவை அதில் கழிக்க வேண்டும். கடைசியில் எனக்கு மிகவும் உதவியது இந்தக் கழித்தல்தான்.

பார்வதிபுரத்து மெக்கானிக் அண்ணனை, ஒரு தடவைக்கு 500 ரூபாய் என்று பேசி, கூடவே அழைத்துப் போனேன். முதலில் பார்த்தது குளச்சலில் ஒரு வெள்ளை வண்டி. 2020 மாடல், 31,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், கேட்டது 5,60,000. ஒரு கீறல் இல்லை. சீட்டில் இன்னும் கவர் வாசனை. எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் மேலே பார்க்கவே இல்லை. ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சோடு உள்ளே போனார். "டீச்சர், குனிஞ்சு பாருங்க" என்றார். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். கதவுக்குக் கீழே தகடு மடங்கும் விளிம்பில் அங்கங்கே கொப்புளம். ஸ்க்ரூடிரைவர் முனையை ஒரு கொப்புளத்தில் வைத்து லேசாக அழுத்தினார். பெயின்ட் பப்படம் போல நொறுங்கி விழுந்தது. உள்ளே செம்பழுப்பாக அடுக்கடுக்காய்த் துரு. பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் போல்ட்டின் தலை அரிக்கப்பட்டு, ஸ்பேனர் பிடிக்க முனையே இல்லை. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஷெட் இல்லாமல் ஐந்து வருஷம் வெளியே நின்ற வண்டி. "கடக்காத்து கொண்டது. மேல எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கீழ தின்னுக்கிட்டே இருக்கும்" என்றார்.

முட்டம், ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி என்று கடலோரமாக நிற்கும் வண்டிகளை எல்லாம் ஒதுக்கச் சொல்லவில்லை. வாராவாரம் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் வருஷம், கிலோமீட்டர் இரண்டையும் கேட்பதற்கு முன்னால், வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள்.

அடுத்தது மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில். 2019, 28,000 கிலோமீட்டர். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இந்த வண்டியில் நான்கிலும் 1123, அதாவது 2023-இன் பதினோராவது வாரத்தில் செய்த டயர். 28,000 ஓடின வண்டிக்கு நான்கு டயரும் எதற்கு மாற்றினார்கள்? பிரேக் பெடலின் ரப்பர் வலது ஓரத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டோம். 2023 ஜூனிலேயே 61,000 பதிவாகியிருந்தது. கடைக்காரரிடம் சொன்னபோது, தாங்கள் வாங்கும்போதே மீட்டர் அப்படித்தான் இருந்தது என்றார். மேற்கொண்டு பேசாமல் வந்துவிட்டோம்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரள எண் வண்டிகள் நாற்பதாயிரம் வரை குறைவு என்று மைனி சொன்னாள். விசாரித்ததில், அங்கிருந்து என்ஓசி என்ற ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அலைச்சலோடு சேர்த்தால் அந்த நாற்பதாயிரம் மிஞ்சாது. விட்டுவிட்டேன்.

குலசேகரத்து வண்டி பார்க்க அழகாக இல்லை. 2019 ஜூலை, 48,000 கிலோமீட்டர். ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போய்வந்து இரண்டு பக்கக் கதவிலும் கொப்பு கீறின கோடுகள். காலையில் நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். போனதும் பானட்டில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. ஒரே தட்டில் எடுத்தது, புகை இல்லை. டயர் நான்கும் 2219, வண்டியோடு வந்தவை. பெடல் தேய்மானமும் அதற்கு ஒத்து இருந்தது. அடிப்பாகத்தில் செம்மண் அப்பியிருந்தது. அண்ணன் அதைச் சுரண்டினார், உள்ளே கம்பெனிப் பெயின்ட் அப்படியே இருந்தது. அந்த ஊரில் மழைக்குக் குறைவில்லை, ஆனால் உப்பு இல்லை. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்தக் கடைசி முழத்தில் சேறு தெரியும். சுத்தமாக இருந்தது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். 5,30,000 கேட்டார். நான் என் கணக்குத் தாளை அவர் முன்னால் வைத்தேன். 4,61,000 தொடக்கம். ஆறு வருஷ டயர் நான்கும் மாற்ற 18,000, பேட்டரி 5,000, லோயர் ஆர்ம் புஷ்ஷும் அலைன்மென்ட்டும் 6,500. நான் சொன்னது 4,30,000. "புதுக்காருக்கு அரசாங்கம் வரி குறைச்சதுக்கு என் வண்டி என்னம்மா செய்யும்?" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. போன வருஷம் விற்றிருந்தால் அவருக்குக் கூடவே கிடைத்திருக்கும். கம்பெனி சர்வீஸ் ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றும் விடுபடவில்லை. அதற்கு மதிப்பு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. 4,55,000-க்கு முடித்தோம்.

அப்புறம் பேப்பர் வேலை. கடன் அடைத்து வருஷங்கள் ஆகியும் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியில் என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து அவர் அதை நீக்கும்வரை அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பாலிசியையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும். இங்கே எனக்கு எதிர்பாராத செலவு ஒன்று வந்தது. அவருடைய என்சிபி, அதாவது கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கான தள்ளுபடி, ஆளுக்கு உரியது. வண்டியோடு வராது. பாலிசி மாறும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை நான் கட்டினேன். அப்பாவுக்கு இருந்த 50 சதவீதத்தை என் காருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். அதுவும் முடியாது.

வேகன்-ஆருக்கு நவம்பர் மூன்றாம் வாரத்தில் இரணியலில் இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் மனைவியோடு வந்தார். இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் நோட்டை அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 2,10,000 சொன்னோம். "ரெண்டே அஞ்சு தாறேன். இந்த நோட்டையும் தரணும்" என்றார். அப்பா என்னைப் பார்க்காமலே சரி என்றார். வண்டி ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போலீஸ் கேமராவில் அபராதம் ஏதாவது விழுந்தால் அப்பா பெயருக்கு வரக் கூடாது. பத்தொன்பதாவது நாள் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் பார்த்தபோது பெயர் மாறியிருந்தது.

போன வாரம் அந்தத் தம்பி அப்பாவுக்குப் போன் செய்தார். கியர் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். "58,400-ல மாத்தினது, நோட்டுல பச்சை மையில இருக்கும், பாரு" என்றார் அப்பா.