எதிர்பாராத பனி: ஒரு வாரக் குறிப்புகள்

ஜனவரி 12, திங்கள்

நாளை பனி பொழியக்கூடும் என்கிறது வானிலை அறிவிப்பு. இங்கே குடியிருக்கும் 11 ஆண்டுகளில் நான் அதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பதால், பனி பழகாத மற்ற ஊர்கள் என்ன செய்தன என்று மாலை முழுவதும் தேடிப் படித்தேன். மனத்தை விட்டு அகலாதது அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். 2014 ஜனவரி 28 அன்று அங்கே விழுந்தது 7 சென்டிமீட்டருக்கும் குறைவான பனிதான். ஆனால் நண்பகலில் பனி தொடங்கியதும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியதால் சாலைகள் அடைத்துக்கொண்டன; உப்பும் மணலும் தூவ வேண்டிய லாரிகளும் அந்த நெரிசலில் சிக்கின. சக்கரங்கள் மிதித்த பனி இறுகிப் பளிங்கானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளியிலேயே தங்கினார்கள். சிலர் பேருந்துகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் நின்றுபோன காருக்குள் ஒரு குழந்தை பிறந்தது. கடைக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்து, படுக்க இடம் கொடுத்தார்கள்.

பனியின் அளவைக் காட்டிலும் அது விழும் நேரத்துக்கே அஞ்ச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை காரை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீர்க் குழாயில் பழைய துணியைச் சுற்றிக் கட்டி, சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி விட்டிருக்கிறேன். ஓடும் நீர் எளிதில் உறையாது. உள்ளே அழுத்தமும் கூடாது.

ஜனவரி 13, செவ்வாய்

விடியற்காலையில் எழுப்பியது அமைதிதான். புதிதாக விழுந்த பனியின் இடுக்குகளில் நிற்கும் காற்று ஒலியை விழுங்கிவிடும் என்று படித்திருந்தேன். ஆனால் ஒரு தெரு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்று கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையை நீட்டினேன். ஒரு துகள் வந்து நூலிழைமேல் அமர்ந்தது. ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் பெரணி இலையைப்போலக் கிளைகள். நான் குனிந்து பார்த்தபோது என் மூச்சுக்காற்று பட்டு ஒரு கை சுருங்கியது, பிறகு எல்லாம் ஒரு சொட்டு நீர். புல்நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம், மலையை மூடுவதையும் பனி என்கிறோம்; இன்று என் கையில் கரைந்ததற்கும் அதே பெயர்தான்.

எட்டு மணிக்குத் தெருவே வெளியே இருந்தது. சறுக்குப் பலகை யாரிடமும் இல்லை. நான் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைக் கொண்டுவந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்து வந்தார்கள். அட்டை இரண்டு சறுக்கலில் ஊறிப்போக, மூடிக்கு வரிசை நின்றது. 2025 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சுமார் 20 சென்டிமீட்டர் பனி பொழிந்தபோதும் இப்படித்தான்: மிசிசிப்பி ஆற்றின் கரைமேட்டில் சிறு படகிலும் காற்றடைத்த பொம்மை முதலையிலும் ஏறி மக்கள் சறுக்கினார்கள். அல்ஜீரியாவின் அயின் செஃப்ராவில், சஹாராவின் செம்மணல் மேடுகள் 2018 ஜனவரியில் வெள்ளை போர்த்தபோது, குழந்தைகளுக்கு அந்த மேடே சறுக்குமரமானது.

நான் மிகவும் நேசிக்கும் கதை புவெனஸ் ஐரிஸினுடையது. 1918-க்குப் பிறகு 2007 ஜூலை 9 அன்றுதான், அங்கே குளிர்காலமான அந்த மாதத்தில், மீண்டும் பனி பொழிந்தது. அன்று அர்ஜென்டினாவின் விடுதலை நாள் என்பதால் ஊருக்கே விடுமுறை. எங்கும் ஓட வேண்டிய அவசரமில்லாத ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

ஜனவரி 14, புதன்

பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்துவிட்டது. நேற்றைய மென்மை எங்கும் இல்லை; படிக்கட்டுகள் கண்ணாடி. மண்வெட்டி இல்லாததால் குப்பை அள்ளும் தகரத் தட்டால் சுரண்டினேன், உப்பு தூவினேன், உப்பு தீர்ந்ததும் பூந்தொட்டி மணலைக் கொட்டினேன். உப்பு உறைநிலையைத் தாழ்த்திப் பனியை உருக்கும். மணல் உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மருந்து வாங்கித் தர வேண்டியிருந்தது. “நீங்க வெளியே வராதீங்க ஐயா, நான் கொண்டு வந்து தரேன்” என்று ஜன்னலோரம் நின்று சொன்னபோது, அவர் நேற்று நாங்கள் சறுக்கியதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக் குழந்தையைப்போலச் சிரித்தார்.

ஸ்பெயினின் மாட்ரிட்டுக்கும் இதே இரண்டு முகங்களைக் காட்டியது பனி. 2021 ஜனவரியில் ஃபிலோமினா புயலின்போது கிரான் வியா வீதியில் மக்கள் பனிச்சறுக்கு விளையாடினார்கள். அடுத்து வந்த கடுங்குளிரில் அந்தப் பனியே பாறையாகி, வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி வைத்திருந்தவர்கள் தாமாக முன்வந்து, மருத்துவர்களையும் செவிலியர்களையும் பணிக்கு ஏற்றிச் சென்றார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி!

ஜனவரி 16, வெள்ளி

நேற்று மாலை நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் குளிர் ஏறிய வேகம் என்னை அச்சுறுத்தியது. ஓர் அறையில் கூடி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, எல்லாப் போர்வைகளையும் போர்த்திக்கொண்டோம். எதிர்வீட்டுக்காரர் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சித் தடுத்தேன். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பல நாள் மின்வெட்டில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரால் இறந்தார்கள்; வெப்பத்துக்காக மூடிய இடத்தில் கார் எஞ்சினை ஓடவிட்டும் அடுப்பை உள்ளே மூட்டியும் கார்பன் மோனாக்சைடால் மாண்டவர்களும் உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை.

பனியில் சிக்கிய காருக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரி 24 அன்று ஏதென்ஸின் சுங்கச்சாலையில் ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் அகப்பட்டு, இராணுவம் வந்து மீட்க வேண்டியதாயிற்று. அப்படி நிற்க நேர்ந்தால், எஞ்சினை இயக்கும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட வேண்டும். இதை எழுதி எதிர்வீட்டுக்காரரிடமும் கொடுத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. சுவர் நிழலில் முழங்கை நீளத்துக்கு அழுக்குப்பனி மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் அதைக் காவல் காக்கிறார்கள். நான் இரண்டு மூட்டை மணலும் ஒரு மண்வெட்டியும் வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். தொட்டி மூடியின் ஓரம் விரிசல் விட்டிருக்கிறது. துணி ஊறவைக்க வேறு தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று, அதையும் மண்வெட்டிக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன்.