கப்பல் தளத்தில் பிறந்த ஆணைகள்

இருபத்திரண்டு ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் பணியாற்றிய பின், தூத்துக்குடியில் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தின் மேலாளராகக் கரையேறினேன். கப்பல் வரும் வாரத்தில் எவருக்கும் விடுப்பு இல்லை என்பதே அங்கு நான் கையெழுத்திட்ட முதல் சுற்றறிக்கை. அது அம்மன் கோயில் கொடை நடக்கும் வாரமும்கூட. செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த மேஸ்திரி, நெற்றித் திருநீறு கலையாமல் என் மேசைமுன் நின்று, "கொடைக்கு நாள் குறிக்கிறது ஊர் சார், நாங்க இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் ரிச்சர்ட் லியரியின் ஆட்சிக்காலம் எனக்கு உள்ளபடி விளங்கியது. 1898 ஜூனில் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றப்பட்ட, பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவுக்கு, 1899 ஆகஸ்டில் 'யோசமிட்டி' கப்பலில் முதல் கடற்படை ஆளுநராக வந்தவர் அவர். சமோவாவில் ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கு முன் அஞ்சாது நின்று பெயர் பெற்ற மாலுமி. அகானா நகரின் ஆளுநர் மாளிகை பழுதுபார்க்கப்பட்டுவந்த தொடக்க மாதங்களில் அவர் கப்பலிலேயே தங்கியிருக்க, ஆணைகள் மட்டும் கரைக்கு வந்தன. ஊர்ப் புனிதர்களின் திருவிழாக்களைப் பொதுவில் கொண்டாடத் தடை. திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் குறித்த நாளுக்குள் மணம் முடிக்க வேண்டும். தொழில் இல்லாதவர்கள் பயிரிடுவதோடு பன்னிரண்டு கோழிகள், ஒரு சேவல், ஒரு பெண் பன்றி ஆகியவற்றையும் வளர்க்க வேண்டும். ஸ்பானியத் துறவியரும் வெளியேற்றப்பட, தீவின் பூர்வகுடியான சமோரோ இனத்தவராகிய பாதிரியார் ஹோசே பலோமோ மட்டுமே எஞ்சினார். சரக்கறைக் கணக்கைப் போல ஒரு குடும்பத்தின் கோழிகளை எண்ணிக் கட்டளையிட்ட அந்த மனத்தை நான் அறிவேன். கப்பலில் எனக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

அதே கை எழுதிய இன்னோர் ஆணையையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கடனுக்கு ஈடாக உழைப்பை அடகுவைக்கும் கொத்தடிமை முறையை 1900 பிப்ரவரி 22 முதல் ஒழித்தவரும் லியரிதான். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆயினும் என் மனம் ஒட்டிக்கொள்வது, அவருக்குத் துணை ஆளுநராக அகானாவில் வாழ்ந்து அன்றாட நிர்வாகத்தை நடத்திய லெப்டினன்ட் வில்லியம் சாஃபோர்டிடம். ஸ்பானிய மொழி அறிந்திருந்த அவர் சமோரோ மொழியையும் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். பயிர்களின் பெயரையும் பயனையும் குடியானவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். மேலதிகாரியின் ஆணைகளை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டியவரும் அவரே என்பதால், வீட்டு வாசலில் வந்து நின்ற முறையீடுகளை முதலில் கேட்ட காதுகளும் அவருடையவையாகவே இருந்திருக்கும். கரையில் எனக்கு வாய்த்த வேலை லியரியுடையதைவிட அவருடையதற்கே நெருக்கமானது என்பதை உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

லியரி 1900 ஜூலையில் பொறுப்பை சீட்டன் ஷ்ரோடரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். கடற்படை ஆளுநர்கள் வந்துபோகும் அந்த முறை, ஜப்பானியர் பிடியிலிருந்த போர்க்காலம் நீங்கலாக, 1949 வரை தொடர்ந்தது. சாஃபோர்டோ 1902இல் கடற்படையிலிருந்து விலகி, வேளாண் துறையில் தாவரவியலாளராகச் சேர்ந்தார்.