பென்ஷன் வாங்கியதால் அகப்பட்டவர்

மகன் வீட்டுக்கு லண்டன் போனால் அரண்மனை, பாலம், மெழுகுச் சிலை என்று சுற்றிவிட்டு வருவதுதான் வழக்கம். நான் இந்த முறை இரண்டு நாளைப் பழைய காகிதங்களோடு கழித்தேன். காரணம் மருமகள். அவள் ஆங்கிலேயப் பெண். அவளுடைய பாட்டியின் தாத்தா விக்டோரியா ராணி காலத்தில் லண்டன் போலீசில் 'இன்ஸ்பெக்டர்' என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. சாட்சிக்கு ஒரு போட்டோ: மீசை, இடது கை முனையில் கோடு போட்ட பட்டை. "அந்தக் கோடுதான் மாமா பதவி அடையாளம்" என்றாள். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் மற்றவர்களின் எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) எழுதிய எனக்கு அந்த நிமிஷமே கை அரித்தது.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் க்யூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினோம். கூட்டமெல்லாம் தாவரவியல் பூங்கா பக்கம் போக, நாங்கள் மட்டும் எதிர்த் திசையில் பத்து நிமிஷம் நடந்தோம். தேசிய ஆவணக் காப்பகம் குளக்கரையில் நிற்கும் பெரிய கான்கிரீட் கட்டடம். பாஸ்போர்ட்டையும் முகவரிச் சான்றையும் காட்டி வாசகர் அட்டை வாங்க வேண்டும். பையும் பேனாவும் லாக்கருக்குள். உள்ளே பென்சில் மட்டும்தான். நம் ஊர் ரெக்கார்டு ரூமில் டீ கிளாஸ் வட்டம் பதிந்த பதிவேடுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு, புத்தகத்தின் முதுகு நோகாமல் இருக்க ஸ்பாஞ்சு ஆப்பு வைத்துத் திறப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

லண்டன் பெருநகரப் போலீஸ் 1829-ல் ராபர்ட் பீல் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாரண்ட் எண் உண்டு. முதல் எண் பெற்றவர் முதல் நாளே குடித்துவிட்டு வந்து வேலை இழந்தார். எங்கள் ஆளைப் பணியில் சேர்ந்தோர் பதிவேட்டில் தேடலாம் என்றால், 1857-க்கும் 1878-க்கும் இடையில் அந்தப் பதிவேடே இல்லை. மனிதர் அந்த ஓட்டைக்குள் விழுந்திருந்தார். 1889 முதல் சேர்ந்தவர்களுக்கு முந்தைய தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை வரை சொல்லும் விரிவான பணிச் சான்றுகள் இருக்கின்றன. அதற்கும் இவர் மூத்தவர்.

மிஞ்சியது ஓய்வூதியப் பதிவேடு. 1852 முதல் 1932 வரை பென்ஷன் வாங்கிப் போனவர்களின் தாள்கள், பென்ஷன் எண் வரிசையில் தைக்கப்பட்டவை. அவரை நாங்கள் பிடித்தது அதில்தான். இடையில் ராஜினாமா செய்திருந்தாலோ, துரத்தப்பட்டிருந்தாலோ அகப்பட்டிருக்கவே மாட்டார்.

தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நம் எஸ்.ஆரின் முதல் பக்கம்! பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உயரம், முடி நிறம், கண் நிறம், அங்க அடையாளம். நம்மிடம் "இடது முழங்காலில் ஒரு மச்சம்" என்றால், இவருக்கு வலது புருவத்துக்கு மேல் தழும்பு. சேர்ந்தது 1868, ஓய்வு 1893. சரியாக 25 வருஷம். 1890-ல் வந்த சட்டம்தான் 25 வருஷம் முடித்தவருக்கு மருத்துவர் சான்று இல்லாமலே பென்ஷனை உரிமையாக்கியது. அதற்கு முன்பு அது மேலிடத்தின் தயவு. மனிதர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

டிவிஷன் கட்டத்தில் எல் என்ற எழுத்து, அதாவது லண்டனின் லாம்பெத் பகுதி. மருமகள் எச் எதிர்பார்த்தாள். எச் என்றால் வைட்சாப்பல், 'ஜாக் தி ரிப்பர்' என்ற பிடிபடாத கொலைகாரனின் 1888 கொலைகள் நடந்த இடம். முகம் சற்று வாடியது. அடுத்த கட்டத்தைப் படித்ததும் இன்னும் வாடியது. பதவி: கான்ஸ்டபிள். சேரும்போதும் கான்ஸ்டபிள், போகும்போதும் கான்ஸ்டபிள்.

அப்படியானால் கையில் கோடு? அது பதவிக்குரியது அல்ல, பணியில் இருப்பதற்கான அடையாளம். லண்டன் போலீசின் தொடக்க காலத்தில் வேலை இல்லாத நேரத்திலும் சீருடையில்தான் திரிய வேண்டும். இப்போது டூட்டியில் இருக்கிறாரா என்று ஜனங்களுக்குத் தெரிய வந்ததுதான் கைப்பட்டை. ஒரு துண்டுத் துணி நூறு வருஷத்துக்கு மேல் அவரை இன்ஸ்பெக்டராக வைத்திருந்தது.

இன்னொரு முடிச்சு 1881 மக்கள்தொகைக் கணக்கில் இருந்தது. குடும்பம் லாம்பெத்தில், ஆனால் மூத்த பெண்கள் இருவரும் பிறந்தது கென்ட் மாவட்டத்துச் சாத்தம். லண்டன் போலீஸ்காரருக்கு அங்கே என்ன வேலை? 1860 முதல் கடற்படைக் கப்பல் கட்டும் தளங்களின் காவலும் லண்டன் போலீசிடம்தான் இருந்தது. ஆக, டிரான்ஸ்ஃபர்! கைக்குழந்தையும் பாத்திரப் பண்டமுமாக ரயிலேறியிருப்பார்கள்.

மறுநாள் சாத்தம் போனோம். செயின்ட் பாங்கிராசிலிருந்து முக்கால் மணிப் பயணம்கூட இல்லை. 1984-ல் தளத்தை மூடிவிட்டார்கள். இன்று ஒரு பகுதி அருங்காட்சியகம். 346 மீட்டர் நீளக் கயிற்றுக் கொட்டகையில் இன்னும் கயிறு திரிக்கிறார்கள். கடற்படைக் கயிற்றுக்குள் வேறு நிறத்தில் ஓர் இழை சேர்ப்பார்களாம், திருடி விற்றால் காட்டிக்கொடுக்க. வாசலில் வேலையாட்களின் பையைத் தடவிப் பார்த்த போலீஸ்காரருக்கும் அந்த இழைதான் சாட்சி. கொலைகாரனைத் துரத்தியவர் அல்ல எங்கள் ஆள். கயிறும் செம்பும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவர்.

ராஜ முத்திரை பதித்த பழைய வாயிலின் கீழ் மருமகள் கொஞ்ச நேரம் நின்றாள். மழை தூறியது. என் பேரன் வாயிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தான்; அவனைத் தடவிப் பார்க்க யாரும் இல்லை.

திரும்பும் ரயிலில் வம்சவரைபடத்தை விரித்து, 'இன்ஸ்பெக்டர்' என்பதை அடித்துவிட்டுக் 'கான்ஸ்டபிள், 25 வருஷம்' என்று எழுதினாள். பேனாவை மூடும்போது என்னைப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை பாட்டி வர்றாங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மாமா."