டேஷ்போர்டில் உரசல் தடங்கள்: தேய்க்கும் முன் பார்க்க வேண்டியவை

காரின் கதவில் ஒரு கோடு விழுந்தால் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடுகிறவர்கள்கூட, உள்ளே டேஷ்போர்டில் விழும் தடங்களைக் கையில் அகப்பட்ட துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு, போகவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த பல வண்டிகளில், முதலில் விழுந்த உரசலைவிட அதைப் போக்குவதற்காகத் தேய்த்த இடத்தில் உண்டான பளபளப்பான திட்டுதான் கண்ணை அதிகமாக உறுத்துகிறது. அந்தத் திட்டைப் போக்க வழியே இல்லை என்பதால், இந்த விஷயத்தில் கை வைப்பதற்கு முன் கண்ணை வைப்பது நல்லது.

இந்தத் தடங்கள் பெரும்பாலும் எங்கே விழுகின்றன என்று கவனித்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். குளோவ் பாக்ஸ் மூடியில் முன் இருக்கையில் அமர்பவரின் செருப்பும் ஷூவும் இடிக்கின்றன. மடியில் வைத்திருக்கும் பெட்டியின் மூலை உரசுகிறது. குழந்தைகளின் கால் எட்டும் உயரமும் அதுதான். சாவி போட்டு இயக்கும் வண்டிகளில், சாவிக்கொத்தில் தொங்கும் மற்ற சாவிகள் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கை ஓட்டம் முழுவதும் தட்டிக்கொண்டே இருப்பதால், அங்கே பிறை வடிவத்தில் நுண்ணிய கீறல்கள் சேர்ந்துவிடுகின்றன. மேல் தளத்திலோ, டேப் போட்டு ஒட்டிய பிள்ளையார், கைபேசித் தாங்கி, வழுக்காமலிருக்க விரித்த ரப்பர் பாய், சந்தனமும் குங்குமமும் வைத்த இடம் என்று வேறு வகைக் கறைகள்.

நம் ஊரில் ஓடும் சிறிய, நடுத்தர விலைக் கார்கள் பெரும்பாலானவற்றில் டேஷ்போர்டு பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. விறைப்புக்காக அதில் டால்க் என்னும் மென்கனிமத்தைப் பொடியாக்கிக் கலக்கிறார்கள். அச்சில் வார்க்கும்போதே தோலைப் போன்ற மேடு பள்ளங்கள் மேற்பரப்பில் பதிகின்றன. வெளிச்சம் அந்த மேடு பள்ளங்களில் பட்டுச் சிதறுவதால்தான் டேஷ்போர்டு மங்கலாக, ஒரே சீராகத் தெரிகிறது. கூர்மையான ஒன்று உரசும்போது மேடுகள் நசுங்கி, உள்ளே இருக்கும் டால்க் வெளிப்பட்டு, கறுப்புப் பரப்பில் வெண்மையான கோடாகத் தெரிகிறது. அதாவது அங்கே சாயம் போகவில்லை. பிளாஸ்டிக் முழுக்க முழுக்க ஒரே நிறம்தான். எனவே மேலே வண்ணம் பூசி மறைக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் பலிப்பதில்லை. பாலிபுரோப்பிலீனில் பிரைமர் என்னும் தகுந்த அடிப்பூச்சு அடிக்காமல் பெயின்ட் ஒட்டாது, சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்து வரும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தடம் மேலே ஏறி உட்கார்ந்ததா, உள்ளே இறங்கியதா என்று பார்ப்பதுதான். கைபேசியின் டார்ச்சை டேஷ்போர்டோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு பிடித்துப் பாருங்கள். ஷூவின் ரப்பர் உரசிய தடமாக இருந்தால், கறுப்போ சாம்பலோ மேடுகளின் தலையில் மட்டும் அப்பியிருக்கும். பள்ளங்கள் சுத்தமாக இருக்கும். கீறலாக இருந்தால் மேடுகளே படுத்துப்போய், அந்தக் கோடு மட்டும் வழவழவென்று மின்னும். சந்தேகமிருந்தால் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பார்க்கலாம். நகம் மாட்டினால் அது பள்ளம், துடைத்துப் போகாது. இப்படிப் பார்த்தால், கீறல் என்று பயந்தவற்றில் பெரும்பகுதி வெறும் அப்பல் என்பது தெரியவரும்.

அப்பலைப் போக்குவது எளிது, அவசரப்படாமல் இருந்தால். முதலில் மென்மையான பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ தூசியை எடுத்துவிட வேண்டும். நம் சாலைத் தூசியில் மணல் துகள் இருப்பதால், காய்ந்த துணியால் துடைத்தாலே அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். பிறகு ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ சில சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். தண்ணீரையோ கிளீனரையோ நேராக டேஷ்போர்டின் மேல் அடிக்காமல் துணியில் எடுத்துக்கொள்வது அவசியம். சுவிட்சுகளுக்குள்ளும் ஏசி துவாரங்களுக்குள்ளும் ஈரம் இறங்கினால் அது வேறு செலவு. ரப்பர் தடம் இதற்கும் அசையாவிட்டால், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழிப்பதுபோல் லேசாக ஓட்டிப் பாருங்கள். இவ்வளவு மலிவான ஒன்று இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்த படியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்குச் சமபங்கு தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடைக்கலாம். டேப்பின் பசை மிச்சத்துக்கும் இது கேட்கும். ஆனால் மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகே செய்ய வேண்டும். விலை கூடிய கார்களில் தொட்டால் மெத்தென்றிருக்கும் பூச்சு இருக்கிறதே, அது ஆல்கஹாலுக்கு இளகிப் பிசுபிசுக்கக்கூடும். வேகமானிக்கு முன்னுள்ள ஒளிபுகும் மூடி, தொடுதிரை, கண்ணாடிபோல் மின்னும் கறுப்புப் பட்டைகள் ஆகியவற்றின் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டே போகக் கூடாது. மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கப்படும் வெள்ளை மெலமைன் பஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள்தான். கரடுமுரடான பரப்பில், நனைத்து, அழுத்தமே இல்லாமல் இரண்டொரு இழுப்பு இழுக்கலாம், அதற்கு மேல் மேடுகள் தேய்ந்து பளபளப்புத் தட்டிவிடும். தின்னர், பெட்ரோல் இரண்டையும் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை: வேண்டாம்.

வெண்மையாகத் தெரியும் மெல்லிய கீறல்களுக்கு வெப்பம் ஒரு வழி. ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடேற்றினால், சில சமயம் வெண்மை மங்கி அடங்கும். முற்றிலும் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் இதற்கு ஆகாது. பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; ஹீட் கன்னோ 500 டிகிரிவரை காற்றைக் கக்கும். கோட்டைப் போக்கப் போய் உள்ளங்கை அளவுக்கு மேடு பள்ளமே இல்லாத வழுக்கைத் திட்டை உண்டாக்கிக்கொள்வதில் பொருளில்லை.

இடது பக்கம், குளோவ் பாக்ஸுக்கு மேலே ஏர்பேக் என்று எழுதியிருக்கும் பகுதியில் இந்த வெப்ப வேலை எதையும் செய்யக் கூடாது. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் அறிமுகமாகும் புதிய மாடல்களில் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பதால், இப்போது ஓடும் வண்டிகளில் கணிசமானவற்றில் அது உண்டு. பலவற்றில் அந்த மூடிக்குப் பின்புறம், கிழிந்து திறப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத ஒரு பலவீனமான கோட்டை வைத்திருக்கிறார்கள். அங்கே ஃபில்லர் பூசுவதும், ரெக்சின் சுற்றுவதும், கீறலை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டுவதும் பை விரியும் வழியில் குறுக்கே நிற்பதற்குச் சமம். கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் பையின் முன்னால் ஒட்டியிருக்கும் பிள்ளையார், எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்கித்தான் வருவார். அவரை நடுவில், ஏசி துவாரங்களுக்கு மேலே அமர்த்துவது அவருக்கும் நமக்கும் நல்லது.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டியைக் கொடுத்தால், கேட்காமலே டேஷ்போர்டு முழுவதும் பாலிஷ் தடவி எண்ணெய் வழியும் முகத்தோடு திருப்பித் தருவார்கள். சிலிக்கோன் எண்ணெய் கலந்த அந்த பாலிஷ் மெல்லிய கீறல்களைச் சில நாள் மறைக்கும் என்பது உண்மை. ஆனால் தூசி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், மின்னும் டேஷ்போர்டு முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மங்கச் செய்யும். கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டை நோக்கி மாலையில் ஓட்டிப் பாருங்கள், எதிர்வெயிலில் அந்தப் பளபளப்பின் விலை புரியும். தடவித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர் அடிப்படையிலான, மங்கலான தோற்றம் தரும் டிரெஸ்ஸிங் என்னும் பூச்சுத் திரவத்தைத் துணியில் எடுத்து மெலிதாகத் தடவி, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெயை நான் சேர்ப்பதே இல்லை. 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அளந்தபோது, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியது. அந்தச் சூட்டில் தேங்காய் எண்ணெய் சிக்கெடுத்து நாறாமல் என்ன செய்யும்? பற்பசையும் அப்படித்தான், அதிலுள்ள தேய்ப்புப் பொடி மேடுகளை அரைத்துவிடும்.

நகம் மாட்டும் ஆழமான பள்ளங்களுக்கு வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முழு டேஷ்போர்டை மாற்றுவது பொருளின் விலையைவிடக் கூலியால் பயமுறுத்தும். ஸ்டியரிங்கையும் பல இணைப்புகளையும் கழற்ற வேண்டியிருக்கும், திரும்பப் பூட்டிய பின் கிறீச்சிடும் சத்தம் கூடவே வந்து குடியேறவும் வாய்ப்புண்டு. ஆனால் குளோவ் பாக்ஸ் மூடி, ஸ்டியரிங் தண்டின் உறை போன்றவை தனித்தனியாகக் கழன்று வருபவை; அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். போகும்போது சிதைந்த பாகத்தையே கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று, கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாடலாக இருந்தாலும், வேறொரு வண்டியில் வேறொரு வெயிலில் காய்ந்த சாம்பல் நிறம் நம் வண்டியின் சாம்பலோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கறுப்பு டேஷ்போர்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.